கோணலா இருந்தா ஒரிஜினல் கம்பளமா?

கேள்வி: ஷார்ஜால ஒரு கடையில கம்பளம் பார்த்து வச்சிருக்கேன். ஈரான்ல கஷ்காய் நாடோடிங்க நெய்தது, ரொம்பப் பழசுன்னு சொல்றாங்க. ஒரு முனையில அகலம் கம்மி, சிவப்பு பாதியில வேற ஷேடா மாறுது. கேட்டா அதுதான் ஒரிஜினலுக்கு அடையாளமாம். நம்பலாமா?

பதில்: பாதி நம்பலாம். கஷ்காய் ஆளுங்க குளிர்காலத்துல வளைகுடா பக்கம் தாழ்வான இடத்துலயும் கோடையில ஜாக்ரோஸ் மலை மேலயும் ஆடு மேய்க்கிறவங்க, பொம்பளைங்க தரையில முளை அடிச்சு தறியை படுக்க வச்சு நெய்வாங்க, இடம் மாறும்போது அப்படியே சுருட்டிட்டு போய் திரும்ப கட்டுவாங்க, பாவு, அதாவது நீளவாக்குல கட்டுற நூல், முன்ன மாதிரி இழுத்து நிக்காது, அகலம் கூடக்குறைய ஆயிடும். நூலுக்கு கொஞ்சம் கொஞ்சமா சாயம் போடறதால ஷேடும் மாறும், அப்ராஷ்னு சொல்வாங்க. குறையே இல்ல. ஆனா இப்ப வேணும்னே அப்ராஷ் வர்ற மாதிரி நெய்யறவங்களும் இருக்காங்க, அதை மட்டும் வச்சு காசு குடுக்காதீங்க.

திருப்பிப் போட்டு பாருங்க. பின்னாடி துணி ஒட்டியிருந்தா அது டஃப்டட், அதாவது நூலை துணியில குத்தி ஏத்தி பசை போட்டது, முடிச்சு போட்டதே இல்ல, எழுந்து வந்துடுங்க. ஓரக் குஞ்சம் பாவு நூலோட நுனியாதான் இருக்கணும், தனியா தச்சிருந்தா சந்தேகம், பழசுல ரிப்பேருக்கு தச்சதும் உண்டு, கேளுங்க. கஷ்காய்ன்னா பாவு பெரும்பாலும் கம்பளி. பருத்தியா இருந்தா கிராமத்து தறியா இருக்கலாம், ஈரான்ல இன்னொரு இனமான பக்தியாரிங்க கம்பளம் நிறைய அப்படித்தான், அது போலி இல்ல, ஆனா நாடோடி கதைக்கு தனி விலை குடுக்க வேணாம். ஹால் முழுக்க விரிக்கிற சைஸை கூடாரத்துல நெய்ததுன்னா சிரிச்சுட்டு நகருங்க.

கடைக்காரர்கிட்ட கேட்டுட்டு ஈர வெள்ளைத் துணியால சிவப்புல தேய்ங்க, சாயம் துணியில ஒட்டினா வேணாம். ஒட்டலன்னா மஞ்சிட்டி வேர்ல எடுத்த இயற்கைச் சாயம்னு அர்த்தமில்ல, நல்ல கெமிக்கல் சாயமும் ஒட்டாது. வயசுக்கு பில்லுல எழுதிக் குடுக்க சொல்லுங்க, மழுப்பினா புதுசு ரேட்டுக்கு பேசுங்க.

கேள்வி: கப்பே கம்பளம்னு ஆன்லைன்ல பாதி விலைக்கு கிடைக்குதே?

பதில்: கப்பே ஈரான் ஃபார்ஸ் மாகாணத்து சரக்கு, தடிமனா, டிசைன் கம்மியா இருக்கும். அதே ஸ்டைல்ல இந்தியாலயும் செய்யறாங்க. கால் வைக்க சுகமா இருந்தா போதும்னா தாராளமா வாங்குங்க, எந்த நாட்டுல செஞ்சதுன்னு மட்டும் படிச்சுட்டு ஆர்டர் போடுங்க.