பாலாடாவில் வற்றிய ஊற்று: 600 அடி போர் போடலாமா?

கேள்வி: நீலகிரியில் கேத்தி பாலாடாவுக்கு மேலே எங்களுக்கு இரண்டே கால் ஏக்கர் தோட்டம் இருக்கிறது. அப்பா காலத்திலிருந்து கேரட்டும் உருளைக்கிழங்கும்தான் போடுகிறோம். மேற்கு மூலையில் உள்ள ஊற்றுத் தண்ணீரைத் தொட்டியில் தேக்கி, நீர் போகத்துக்கு (மழையில்லாத மாதங்களில் பாசனத்தில் வளரும் பயிருக்கு) ஏப்ரல் வரை பாய்ச்சுவது வழக்கம். மூன்று ஆண்டுகளாக ஊற்று சுருங்கி வந்து, இந்த ஆண்டு பொங்கல் முடிந்த இரண்டாம் வாரமே நூல் போல ஆகிவிட்டது. ஊற்றுக்கு மேலே பக்கத்துத் தோட்டக்காரரின் கற்பூர (யூகலிப்டஸ்) மரங்கள் நிற்கின்றன. அவைதான் உறிஞ்சுகின்றன என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஊற்றை ஒட்டியிருந்த 30 சென்ட் சேற்றுப் பள்ளத்தை வாய்க்கால் வெட்டி வடித்து அதிலும் கேரட் போட்டதால், பாய்ச்ச வேண்டிய பரப்பும் கூடிவிட்டது. நீரோட்டம் பார்ப்பவர் ஒருவர் தேங்காய் வைத்துப் பார்த்து இரண்டு இடங்களைக் குறித்துக் கொடுத்திருக்கிறார். 600 அடி போட்டால் இரண்டு இஞ்ச் தண்ணீர் நிச்சயம் என்கிறார் போர் ஏஜெண்ட். அனுமதியையும் அவரே பார்த்துக்கொள்வாராம். இன்னொரு விற்பனையாளர், 5 லட்சம் லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் தாள் விரித்த குட்டையும், தண்ணீரைத் தூரமாகப் பீய்ச்சும் ரெயின் கன்னும் போதும் என்கிறார். எதைச் செய்தாலும் நகையை அடகு வைத்துத்தான் செய்ய வேண்டும். குறித்த இரண்டு இடங்களில் எதில் போர் போடலாம்? (பெயர் வெளியிட வேண்டாம்.)

பதில்: இரண்டிலும் வேண்டாம். நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

நீலகிரியில் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் ஆழ்துளைக் கிணறு தோண்ட முடியாது. அதை “நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று ஒருவர் சொன்னால், பிடிபடும் நாளில் வண்டி அவருடையதாகவும் வழக்கு உங்களுடையதாகவும் இருக்கும். சட்டத்தை விட்டுவிட்டாலும், இந்த மலையின் அடியில் இருப்பது கெட்டிப் பாறை. தண்ணீர் பெரும்பாலும் நிற்பது அதற்கு மேலே மட்கிக் கிடக்கும் செம்மண் போர்வையில்தான். உங்கள் ஊற்றும் அந்தப் போர்வையிலிருந்தே கசிகிறது. போர், போர்வையில் நிற்கும் நீரை இறக்கிவிட்டு, ஊற்று ஆறு மாதம் கொடுக்க வேண்டியதை இரண்டே மாதத்தில் மோட்டாரில் தந்துவிடும். அல்லது வெறும் பாறையைக் குடைந்துவிட்டு நிற்கும். முதல் ஆண்டுப் பீய்ச்சலைப் பார்த்துப் பக்கத்துத் தோட்டத்துக்காரரும் ஒன்று போடுவார். அடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவரிடம் எத்தனை அடி வேண்டும் என்று கேட்டால் வேறு என்ன பதில் வரும்? தேங்காய்க்காரரைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை.

குட்டை விற்பனையாளர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது, பாதி ஆபத்து இருக்கிறது. 5 லட்சம் லிட்டர் என்பது 500 டன் எடை. அதைச் சரிவில் வெட்டி வைத்து, தாள் ஓரிடத்தில் கிழிந்து கீழே உள்ள மண் ஊறினால் என்ன ஆகும் என்பதைக் கேத்திப் பள்ளத்தாக்கில் இருப்பவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2009 நவம்பரில் உங்கள் பக்கமும் குன்னூர் பக்கமும் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சமவெளியில் அச்சடித்த “மழைநீர்க் குழி வெட்டுங்கள்” என்ற துண்டறிக்கையை அப்படியே மலைக்கு எடுத்துவந்து, வீடுகளுக்கு மேலே உள்ள செங்குத்துச் சரிவில் குழி வெட்டிவைப்பவர்களையும் இதே கணக்கில்தான் சேர்ப்பேன். ரெயின் கன்னின் தாரை உங்கள் மண்ணுக்கு மிகக் கனமானது. மண் குடிக்கும் வேகத்தைவிட அது கொட்டும் வேகம் அதிகம் என்பதால், மேல் மண்ணையும் விதையையும் சேர்த்தே அடுத்த பாத்திக்குத் தள்ளிவிடும்.

இனி, நீங்கள் கேட்காமல் விட்ட கேள்விக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்தபோது என் கண் நின்ற இடம் கற்பூர மரம் அல்ல, போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் அந்த 30 சென்ட் சேற்றுப் பள்ளம்தான். வாய்க்கால் வெட்டியது நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, ஊற்று சுருங்கத் தொடங்கியது மூன்று ஆண்டுகளாக. இவை இரண்டும் உங்கள் கடிதத்திலேயே சில வரிகள் இடைவெளியில் இருக்கின்றன.

கற்பூர மரம் தண்ணீர் குடிக்கும் என்பதில் சந்தேகமில்லை. உதகையில் உள்ள மண், நீர்வள ஆராய்ச்சி மையத்தினர் கிளென்மார்கனில் அருகருகே இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டு, ஒன்றைப் புல்வெளியாகவே விட்டு, மற்றொன்றில் கற்பூர மரம் நட்டுப் பல ஆண்டுகள் அளந்து பார்த்தார்கள். முதல் பத்தாண்டுச் சுழற்சியில் ஓடிவரும் நீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டியபின் மறுதாம்பு வளர்ந்தபோது அதைவிடவும் கூடுதலாகக் குறைந்தது. ஆனால் பக்கத்துக்காரரின் மரங்கள் உங்கள் அப்பா காலத்திலும் அங்கேதான் நின்றிருக்கும். அப்போது ஏப்ரல் வரை வந்த தண்ணீர் இப்போது ஜனவரியில் நிற்பதற்கு மரத்தை மட்டும் காட்ட முடியாது. மேலும், 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால், பட்டா நிலத்து மரமானாலும் அனுமதியில்லாமல் வெட்ட அவராலும் முடியாது. அந்தச் சண்டையை வளர்க்காதீர்கள்.

சதுப்பு என்பது வீணாய்க் கிடக்கும் சேறு என்ற எண்ணம் நம் மலையில் ஆழமாக ஊன்றியிருக்கிறது. அதை ஊன்றியவர்களில் நானும் ஒருவன். வேலையில் சேர்ந்த புதிதில், சதுப்பை வடித்து உருளைக்கிழங்கு போடுவதை “நில மேம்பாடு” என்ற தலைப்பில் கோப்பில் எழுதி, எத்தனை மீட்டர் வாய்க்கால் என்று கணக்குக் காட்டிப் பாராட்டும் பெற்றிருக்கிறேன். அப்படி நாங்கள் வடித்த பள்ளம் ஒன்றில் சில ஆண்டுகள் கழித்துப் போய் நின்றபோது, ஒருகாலத்தில் முழங்கால் வரை புதைந்த இடத்தில் கறுப்பு மண் பாளம் பாளமாக வெடித்து, செருப்பின் கீழ் மரத்தூள் போல நொறுங்கியது. கீழே இருந்த ஹட்டிக்கு (படுகர் ஊருக்கு) தண்ணீர் லாரியில் வந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து எனக்கு இந்த விஷயத்தில் ஒரு பிடிவாதம் உண்டு. நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கறுப்பு மண் மட்கிய புல்லும் வேரும் சேர்ந்து உருவானது. உதகைக்கு அருகே சாண்டிநல்லாப் பக்கத்தில் 20,000 ஆண்டுகளுக்கும் முந்தைய அடுக்குகள் கிடைத்திருக்கின்றன. உங்கள் 30 சென்ட்டில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு அந்த மண் இருந்ததாகக் கொள்ளுங்கள். அதில் ஐந்தில் ஒரு பங்குதான் மெல்ல வடிந்து வரும் நீர் என்று குறைத்துப் போட்டாலும் 2.4 லட்சம் லிட்டர் ஆகிறது. விற்பனையாளர் விலை சொன்ன குட்டையில் ஏறக்குறைய பாதி அளவு உங்களிடம் தாளும் தவணையும் இல்லாமலே இருந்திருக்கிறது. ஆனாலும் சதுப்பின் பெரிய வேலை சேமிப்பு அல்ல, அது அடைப்பாக நின்றதுதான். நிறைகுடத்தின் பக்கத்தில் துளையிட்டால், துளை எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு தண்ணீர் போய்விடும். நீங்கள் வெட்டிய வாய்க்கால், சரிவு முழுவதற்குமான துளையை மூன்று நான்கு அடி கீழே இறக்கிவிட்டது. நவம்பரில் விழும் மழை மார்ச்சு வரை மண்ணுக்குள் தங்கி நடந்து வராமல், டிசம்பரிலேயே ஓடைக்கு ஓடிப் போய்விடுகிறது.

ஆகவே வாய்க்காலை அடையுங்கள். மார்ச்சு, ஏப்ரலில், தென்மேற்குப் பருவத்துக்கு முன்பு, மண் நிரப்பிய சாக்குகளையும் கல்லையும் வைத்து வாய்க்காலின் குறுக்கே தடுப்புகள் போடுங்கள். மேலிருந்து தொடங்கி, ஒரு தடுப்பில் தேங்கும் நீர் அதற்கு மேலுள்ள தடுப்பின் அடியைத் தொடும்படி இடைவெளி விடுங்கள். தடுப்பின் தலை சுற்றியுள்ள நிலமட்டத்துக்கு மேல் போக வேண்டாம். நடுவில் ஒரு சாண் தாழ்த்தி, வழியும் நீர் அங்கே கல்லின் மேல் விழட்டும். பள்ளத்துக்கு நேர் கீழே வீடு இருந்தாலோ, சுற்றுச் சரிவில் வெடிப்பு தெரிந்தாலோ, வேளாண் பொறியியல் துறையினரை அழைத்துக் காட்டாமல் இதில் கைவைக்காதீர்கள். அங்கே இனி ஏர், உரம், மருந்து எதுவும் வேண்டாம். கோரையும் புல்லும் தாமாக வரும். சீகை (வாட்டில்) மரக் கன்று முளைத்தால் விரல் பருமன் ஆவதற்குள் வேரோடு பிடுங்கிவிடுங்கள். வளரவிட்டு வெட்டினால் விதை மண்ணில் கிடந்து ஒன்றுக்குப் பத்தாக முளைக்கும். முதல் ஆண்டு பள்ளம் தன்னை நிரப்பிக்கொள்வதால் ஊற்று இன்னும் குறைந்ததுபோலத் தோன்றலாம், பயப்பட வேண்டாம். காய்ந்து சுருங்கிய கறுப்பு மண் பழைய அளவு நீரைப் பிடிக்காது என்பதால் அப்பா காலத்து ஊற்று முழுவதும் திரும்பும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். நீங்கள் விட்டது நான்கு ஆண்டுகள்தான் என்பது மட்டும் ஆறுதல்.

30 சென்ட் கேரட் போய்விடுமே என்பீர்கள். கணக்குப் பார்ப்போம். நம் குளிரில் கேரட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்தால், ஏக்கருக்கு 12,000 லிட்டர் ஆகிறது. ஞாயிறுதோறும் காலையில் ஊற்றின் வாயில் 15 லிட்டர் வாளியை வைத்து, நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று நாள்காட்டியிலேயே எழுதி வாருங்கள். 40 விநாடி என்றால் நாளுக்கு 32,400 லிட்டர், உங்கள் நிலம் முழுவதற்கும் போதும். மூன்று நிமிடம் என்றால் 7,200 லிட்டர்தான், 60 சென்ட்டைத் தாண்டக் கூடாது. டிசம்பர் மாத வாளிக் கணக்கைப் பார்த்துவிட்டு நீர் போகத்துக்கு விதை வாங்குங்கள். இரண்டே கால் ஏக்கருக்கும் விதைத்துவிட்டு, கிழங்கு பருக்கும் மூன்றாம் மாதத்தில் ஒரு வாரம் காயவிட்டு மறு வாரம் ஊறவிட்டால், வெடித்த கேரட்டை மண்டியில் யார் வாங்குவார்கள்?

பாசனத்துக்கு ரெயின் கன் வேண்டாம், மென்மையாகத் தூவும் சிறு ஸ்பிரிங்க்ளர் போதும். அதைக் காற்று எழும் முன் காலையில் ஓட்டுங்கள். நுண்ணீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு அரசு நிர்ணயித்த அலகு விலைக்குள் 100 சதவீத மானியம் உண்டு. நகையைப் பற்றித் தெரிந்தும் அந்த விற்பனையாளர் இதை உங்களிடம் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் உறைபனியைக் கழுவ விடியலில் எல்லாப் பாத்திக்கும் தண்ணீர் அடிக்கும் பழக்கம் உங்களுக்கும் இருக்கும். பனி தங்கும் பள்ளப் பாத்திகளுக்கு மட்டும் அடித்தால் தொட்டியில் பாதி மிஞ்சும். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நேராக இழுத்த பாத்திகளைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தப் பக்கம் போதாது. உட்சாய்வுப் படிக்கட்டு (மேட்டுப் பக்கம் சாய்ந்த படிநிலம்) பற்றி வேறொரு முறை சொல்கிறேன்.

தடுப்புக்கு ஆள்கூலி எவ்வளவு ஆகும் என்று யோசிக்கும் முன், உங்கள் ஓடை கீழே எந்த ஊரின் குடிநீர்த் தொட்டிக்குப் போகிறது என்று பாருங்கள். அந்த ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட்டு வாய்க்காலைக் காட்டி, நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். ஐம்பது அறுபது சாக்கு நிரப்ப இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும். கோடையில் குடத்தோடு வரிசையில் நிற்பவர்கள் மண்வெட்டியோடும் வருவார்கள்.