பிராண்ட் எங்கும் ஒரே மாதிரி தெரிய, பகிர்ந்த ஸ்டைல் எப்படி உதவுகிறது?

நிறம், எழுத்துரு, எழுத்தளவு, நிழல் போன்றவற்றுக்குப் பெயர் வைத்து ஒரே இடத்தில் சேமித்து, குழுவில் எல்லோரும் அங்கிருந்தே எடுத்துக்கொள்வதுதான் பகிர்ந்த ஸ்டைல்.

இது இல்லாவிட்டால் நிறம் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போகும். ஒருவர் நீலத்துக்கு 0, 82, 204 என்று (சிவப்பு, பச்சை, நீல ஒளியின் அளவுகள்) கொடுத்திருப்பார். இன்னொருவர் ஸ்கிரீன்ஷாட்டிலிருந்து எடுத்ததில் அது 12, 90, 190 ஆகியிருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் தெரியாது. இணையதளத்தையும் விளம்பரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பளிச்சென்று தெரியும்.

போனில் நாம் எண்ணை அடிக்காமல் பெயரைத் தட்டித்தானே அழைக்கிறோம்? எண் மாறினால் ஒரு இடத்தில் திருத்தினால் போதும். இதுவும் அப்படித்தான். ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருளில் மூல ஸ்டைலை மாற்றி வெளியிட்டால், அதைப் பயன்படுத்தும் மற்ற கோப்புகளுக்கு அறிவிப்பு போகும். ஏற்றுக்கொண்டதும் புது நிறம் வந்துவிடும். அப்புறம், பெயர் வைக்கும்போது 'நீலம்' என்று வைக்காமல் 'பொத்தான் நிறம்' என்று வையுங்கள். நாளைக்கே பச்சைக்கு மாறினாலும் பெயர் பொருந்தும்.

இதனால் எல்லா டிசைனும் ஒரே அச்சில் வார்த்ததுபோல ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஸ்டைல் நிறம், எழுத்து, நிழல் போன்றவற்றைத்தான் கட்டுப்படுத்தும், பக்கத்தில் எதை எங்கே வைப்பது என்பது எப்போதும் வடிவமைப்பவர் முடிவுதான்.