பலா மரத்தின் பருவங்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, விதை போட்டு முளைத்த கன்றின் இலைகள் சில இடையில் பிளந்திருக்கின்றன. இது நோயா?

பதில்: நோயன்று. இளங்கன்றில் இலை மடல் மடலாகப் பிளந்து வருவது பலாவின் இயல்பு. மரம் முதிர முதிரப் பிளவில்லாத, தடித்த, பளபளப்பான இலைகளே வரும். ஆணிவேர் விரைவாக இறங்குவதால், பையிலேயே நெடுநாள் விட்டு வேர் சுருளும்படி செய்யாமல் சீக்கிரம் நிலத்தில் நட்டுவிடுங்கள்.

கேள்வி: எத்தனை ஆண்டில் காய்க்கும்?

பதில்: விதைக்கன்று பெரும்பாலும் 7, 8 ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும், ஒட்டுக்கன்று 4, 5 ஆண்டுகளில் காய்ப்புக்கு வரும். விதைக்கன்றில் தாய்மரத்தின் சுவை அப்படியே வருமென்று நம்ப முடியாது.

கேள்வி: எங்கள் ஐந்து வயது ஒட்டு மரத்தில் விரல் நீளப் பிஞ்சுகள் ஏராளமாக வந்து, கறுத்து உதிர்கின்றன. மருந்து தெளிக்கலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் பிஞ்சு என்று எண்ணுபவை ஆண் பூங்கொத்துகள். இதை அறியாமல் மருந்துக்குப் பணத்தை இறைக்கும் உழவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பலாவில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே மரத்தில் தனித்தனிக் கொத்துகளாக வருகின்றன. முதன்முதலாகப் பூக்கும் இளமரத்தில் ஆண் கொத்துகளே மிகுதியாக இருக்கும். ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள்: காம்பு மெல்லியது, மேற்பரப்பு ஓரளவு வழவழப்பானது, மலர்ந்திருந்தால் விரலில் மஞ்சள் மகரந்தம் ஒட்டும். மகரந்தம் உதிர்ந்தபின் அதன் வேலை முடிந்துவிடுவதால், பூஞ்சணம் பிடித்துக் கறுத்து விழுகிறது. பெண் கொத்தோ அடிமரத்திலும் பருத்த கிளைகளிலும் தடித்த காம்போடு வரும். காம்பு சேருமிடத்தில் கழுத்துப்பட்டை போன்ற வளையம் தெளிவாகத் தெரியும். பின்னர் மூசாகி, அதாவது இளம்பிஞ்சாகிக் காயாவது இதுவே. உதிர்ந்தவற்றைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள்; அந்தப் பூஞ்சணம் இளங்காய்களையும் அழுகச் செய்யக்கூடும்.

கேள்வி: பழத்தில் சுளையைவிட, சுளைகளுக்கிடையே நார் போலிருக்கும் சடை அதிகமாக இருப்பதேன்?

பதில்: ஒரு பலாப்பழம் என்பது நூற்றுக்கணக்கான பூக்கள் ஒன்றுசேர்ந்த கூட்டுக்கனி. மகரந்தம் சேர்ந்து கருவுற்ற பூ சுளையாகிறது; கருவுறாதது சடையாகவே நின்றுவிடுகிறது.

கேள்வி: காய் முற்றியதை எப்படி அறிவது?

பதில்: பெண் பூ வந்து நான்கைந்து மாதங்களில் கவனிக்கத் தொடங்குங்கள். நெருக்கமாகக் கூர்த்திருந்த முட்கள் அகன்று தட்டையாகும், பச்சை வெளிறும், காம்பையொட்டிய இலை மஞ்சளாகும், தட்டினால் கணீரென்ற ஒலி மாறி மந்தமாகக் கேட்கும். மணம் வீசும்வரை மரத்தில் விட்டால் அணிலும் பறவையும் முந்திக்கொள்ளும்.