மூட்டு மாற்றுத் தரவை வைத்துக்கொண்டு முழிக்கும் தங்கச்சிக்கு

தங்கச்சி, பேராதனையில் புள்ளிவிபரவியல் கடைசி வருடம், கையில் முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சைத் தரவு, எந்த முறையைப் போட்டால் வெளிநாட்டு மேற்படிப்புக்கு எடுப்பாக இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். எடுப்பை விடுங்கள். விஷயம் தெரிந்தவர் நேர்முகத்தில் முதலில் நோண்டுவது ஒரே இடத்தைத்தான்: இறந்துபோனவர்களை என்ன செய்தீர்கள்?

லயத்தில் ஒரு பாட்டி, 76 வயதில் மூட்டு மாற்றினார், 83 வயதில் மாரடைப்பில் போய்விட்டார், மாற்றிய முழங்கால் கடைசிவரை நன்றாகத்தான் இருந்தது என்று வையுங்கள். ஒரு நிகழ்வு எத்தனை காலத்தில் எத்தனை வீதம் பேருக்கு நடக்கும் என்று கணக்கிடும், 1958இல் வந்த கப்லான்-மையர் முறை அவரை இடையில் விலகியவராக எடுத்துக்கொண்டு, இருந்திருந்தால் மற்றவர்களைப் போல அவருக்கும் மூட்டு பழுதாகியிருக்கலாம் என்ற நினைப்பிலேயே மேலே போகும். கொப்பியில் போட்டுப் பாருங்கள். 10 பேர், அதில் 5 பேர் நல்ல மூட்டோடு இறந்துவிட்டார்கள், பிறகு மிச்சம் 5 பேரில் ஒருவருக்குத் திரும்ப ஒப்பரேஷன். கப்லான்-மையர் 20 வீதம் என்று சொல்லும், நடந்ததோ 10 பேரில் ஒருவருக்கு.

அதற்காக அதைத் தூக்கி எறிய வேண்டாம், செயற்கை மூட்டு எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்று மட்டும் பார்க்க அது உதவும். ஆனால் “எனக்குத் திரும்ப வெட்ட வேண்டி வருமா?” என்று நோயாளி கேட்டால் மரணத்தையும் போட்டி நிகழ்வாக, அதாவது வந்துவிட்டால் திரும்ப ஒப்பரேஷனுக்கே இடமில்லாமல் செய்யும் நிகழ்வாகச் சேர்த்து கியூமுலேட்டிவ் இன்சிடன்ஸ் போடுங்கள், மேலே 10 பேரில் ஒருவர் என்று வந்தது அந்தக் கணக்குத்தான். எடையா வயதா எது காரணம் என்று தேடினால் 1972இன் காக்ஸ் மாதிரி, ஒருவருக்கு வரும் ஆபத்தை முன்கூட்டிச் சொல்ல, மரணத்தையும் கணக்கில் எடுக்கும் 1999இன் ஃபைன்-கிரே மாதிரி. காக்ஸ் போட்டால் இரண்டு குழுக்களின் ஆபத்துக்கு இடையிலான விகிதம் காலம் முழுக்க ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்க்காமல் விடாதீர்கள். கிருமித்தொற்று பெரும்பாலும் ஆரம்பத்தில் வரும், மூட்டு தளர்வது வருடக்கணக்கில் கழித்து, இரண்டையும் ஒரே எண்ணில் அடைத்தால் சொதப்பும்.

சிநேகிதர் சொன்ன மெஷின் லேர்னிங்? திரும்ப ஒப்பரேஷன் ஆனது 30 பேருக்குத்தான் என்றால் காக்ஸிலேயே மூன்று காரணிக்கு மேல் போட எனக்குக் கை வராது, மெஷின் லேர்னிங்குக்கு அது எங்கே காணும்?

அம்மா பேசாமல் டீச்சர் வேலைக்குப் போடச் சொல்கிறாராம். அதற்கும் போடுங்கள், தப்பில்லை. ஆனால் சுவீடனில் முழங்கால் மாற்றுப் பதிவேடு 1975இலேயே தொடங்கிவிட்டது, இங்கிலாந்தில் 2003இல் வந்தது, இப்படிப் பல நாடுகளில் குவிந்துகிடக்கும் தரவைச் சரியாக வாசிக்க ஆள் வேண்டும் என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள். இந்தக் கணக்கெல்லாம் போடும் ஆர் (R) மென்பொருள் இலவசம், ஹட்டனில் வீட்டில் இருந்தே பழகலாம்.

சரி, அடுத்த கிழமைக்குள் ஒரு அட்டவணை அனுப்புங்கள்: எத்தனை பேருக்குத் திரும்ப ஒப்பரேஷன், எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை பேரைப் பற்றித் தகவலே இல்லை. அப்புறம், இரண்டு முழங்காலும் மாற்றியவர்களைத் தனியாகக் குறியுங்கள், ஒரே ஆளை இரண்டு பேராக எண்ணியிருப்பீர்களோ என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.