சைக்கிளுக்கும் நம்பர் பிளேட் வேண்டுமா?

கேள்வி: காருக்கு உரிமம், பதிவு, காப்பீடு எல்லாம் கேட்கிறார்கள். சைக்கிளுக்கு மட்டும் ஏன் விலக்கு?

பதில்: விளைவிக்கக்கூடிய சேதத்தைப் பொறுத்துத்தான் கடிவாளம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ, வேகம் 20 கி.மீ. என்று வையுங்கள். 50 கி.மீ. வேகத்தில் வரும் 1,300 கிலோ காரின் இயக்க ஆற்றல் அதைப்போல் சுமார் 90 மடங்கு! சுவிட்சர்லாந்தில் சைக்கிளுக்குக் காப்பீட்டு ஸ்டிக்கர் கட்டாயமாக இருந்தது. 2012-இல் அதையும் கைவிட்டார்கள். சிக்னல், ஒருவழிப்பாதை விதிகளில் மட்டும் சைக்கிளுக்குச் சலுகை கிடையாது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சைக்கிளை முந்தும்போது எவ்வளவு இடைவெளி விட வேண்டும்? ஹாரன் அடிக்கலாமா?

பதில்: காரின் பக்கக் கண்ணாடிக்கும் சைக்கிள் ஹேண்டில்பாருக்கும் இடையே 1.5 மீட்டர். பள்ளத்தைக் கண்டால் சைக்கிள்காரர் சட்டென விலகுவார். லாரி, பஸ் என்றால் காற்று முதலில் தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். இடமில்லையா, பின்னாலேயே வாருங்கள். போவது சில நொடிகள்தான். முதுகுக்குப் பின்னால் ஹாரன் வேண்டாம். திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பார். தலை திரும்பும் பக்கமே ஹேண்டில்பாரும் போகும்.

நிறுத்திய காரின் கதவை, கதவுக்கு எதிர்ப்பக்கக் கையால் திறங்கள். தோள் தானாகத் திரும்பி, கண் பின்னால் வருபவரைப் பார்த்துவிடும்.

சைக்கிள்காரர்களே, திரும்பக் காத்திருக்கும் லாரியின் அருகே, அது திரும்பப்போகும் பக்கமாக நுழையாதீர்கள். பின்சக்கரங்கள் முன்சக்கரத் தடத்தில் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும்.