யாழ்ப்பாணத்திலிருந்து திரைப்படத் தயாரிப்பில் பட்டப்பின்படிப்புக்குச் செல்வது பயன்தருமா?

ஊடகக் கற்கைகளில் கலைமாணிப் பட்டம் பெற்று, நண்பர்களோடு சில குறும்படங்களும் எடுத்திருப்பதாகவும், கையிலுள்ள பணத்தில் அடுத்த படத்தை எடுப்பதா, பட்டப்பின்படிப்புக்குப் போவதா என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்தியாவில் ஒலிப்பதிவு படித்துவிட்டு ஊர் திரும்பியவன் என்ற முறையில், போகலாம் என்றே சொல்வேன். ஆனால் இயக்கத்துக்கு மட்டும் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.

இயக்க விரும்புவோருக்கு யாழ்ப்பாணத்தில் குறைவில்லை. கல்யாண வீடியோத் தொழிலில் கை பழகிய நல்ல ஒளிப்பதிவாளர்களும் படத்தொகுப்பாளர்களும் இருக்கிறார்கள். ஒலிக்குத்தான் ஆள் இல்லை. நம்மவர் குறும்படங்கள் பலவற்றில் காட்சி கண்ணுக்கு நிறைவாக இருக்க, வசனம் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்பதற்குக் காரணம் இதுவே. படப்பிடிப்பு நடக்கும் வீட்டில் மின்விசிறியையும் குளிர்சாதனப் பெட்டியையும் நிறுத்தி, பெட்டியைத் திரும்பப் போட மறக்காதிருக்க வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிட்டு, காட்சி முடிந்ததும் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, அந்த அறையின் வெறும் அமைதியை அரை நிமிடமாவது பதிவுசெய்ய வேண்டும். அந்த அமைதி கையில் இல்லையென்றால் வெட்டி ஒட்டிய இடமெல்லாம் காதுக்குத் தெரிந்துவிடும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாள்களிலும் அயலில் படப்பிடிப்பு வைக்கும் துணிவு ஒலி படித்தவர் எவருக்கும் வராது. இவற்றைப் பிழை விட்டுப் பிழை விட்டுத் தனியாகவும் கற்கலாம். ஆனால் ஒரே வகுப்பில் இயக்கமும் ஒளிப்பதிவும் தொகுப்பும் படிப்பவர்கள் உங்கள் வேலையைக் கேட்டுவிட்டு முகத்துக்கு நேரே குறை சொல்லும் சூழல் வெளியே எளிதில் கிடைக்காது.

புனேயில் 1960இல் தொடங்கிய திரைப்பட, தொலைக்காட்சிக் கல்லூரியிலும், கொல்கத்தாவில் 1995இல் தொடங்கிய சத்யஜித் ராய் கல்லூரியிலும் இயக்கம், ஒளிப்பதிவு, தொகுப்பு, ஒலி ஆகியவற்றைத் தனித்தனித் துறைகளாக மூன்று ஆண்டுகள் படிக்கலாம். புனேயின் தொலைக்காட்சிப் பிரிவின் படிப்பு அதைவிடக் குறுகியது. நேரலையும் பல கமராப் படப்பிடிப்பும் உங்கள் நாட்டமென்றால் அதுவே பொருந்தும். அமெரிக்காவின் நுண்கலை முதுமாணிப் படிப்பு பொதுவாக இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நீளும். செலவு மிக அதிகம். எனினும் படைப்புத் துறையில் அதுவே உச்சப் பட்டமாகக் கருதப்படுவதால், பின்னாளில் விரிவுரையாளராகும் எண்ணம் உள்ளவர்கள் அதை நினைத்துப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாண வளாகத்தில் விரிவுரையாளராக இருந்த சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜவின் ‘பொன்மணி’ என்ற தமிழ்ப் படம் 1977இல் வெளிவந்தது. கற்பித்தலும் படமெடுத்தலும் ஒருவரிடமே சேரும் அந்த வழி இங்கு மீண்டும் திறக்க வேண்டும் என்பது என் பெருவிருப்பம்.

புலமைப்பரிசில் தேடும்போது நிபந்தனைகளை முதலில் வாசியுங்கள். பிரித்தானியாவின் செவனிங் ஓராண்டு முதுமாணிப் படிப்புக்கானது. முடித்ததும் குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு நாடு திரும்ப வேண்டும். அமெரிக்காவின் ஃபுல்பிரைட்டிலும் அத்தகைய ஈராண்டு நிபந்தனை உண்டு. ஊரில் வேலை செய்ய நினைப்பவருக்கு இது தடையே இல்லை.

அடுத்த படத்தை இப்போதே சிறியதாக எடுத்துவிடுங்கள். பணத்தை அதில் கரைக்க வேண்டாம். விண்ணப்பத்தோடு அதை அனுப்பும்போது, அதில் நீங்கள் தனியாகச் செய்த வேலை எது, நண்பர்கள் செய்தது எது என்று பிரித்து எழுதுங்கள். நேர்முகத்தேர்வில் பெரும்பாலும் அதைப் பற்றித்தான் துருவிக் கேட்பார்கள்.