குறையை மறைத்து நடிப்பது நல்லதா, வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லதா?

எனக்குத் திக்குவாய். எனக்குத் தெரிந்த வரை சொல்லிவிடுவதுதான் நல்லது. திக்கியதைவிட, திக்காதவன் மாதிரி நடித்ததுதான் என்னை அதிகம் வாட்டியது.

'ப', 'க' இரண்டும் எனக்கு அடைத்துக்கொள்ளும். சொல் வருவதற்கு முன்பே தெரிந்துவிடும். மனம் வேறு சொல்லைத் தேடி ஓடும். கடையில் காபி கேட்க நினைத்து டீ என்பேன், டீயையே குடித்துவிட்டு வருவேன். போனில் பெயர் கேட்டால் லைன் சரியில்லை என்று வைத்துவிடுவேன். பெண் பார்க்கப் போன வீட்டில் "அமைதியான பையன்" என்றார்கள். நானும் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

திருச்சியில் நான் இறங்கவேண்டிய இடம் பால்பண்ணை. அதைத் தாண்டி வரும் அரியமங்கலம் வாயில் சுலபமாக வரும். பல வருஷம் அரியமங்கலத்துக்கு டிக்கெட் எடுத்துப் பால்பண்ணையில் இறங்கினேன். கல்யாணமாகி மூன்று மாதம் கழித்து மனைவி கேட்டாள்: "ஏங்க, எப்பவும் அரியமங்கலத்துக்கே எடுக்குறீங்க?" அன்று ராத்திரிதான் முதன்முதலாக ஒருவரிடம் முழுசாகச் சொன்னேன். திக்கித் திக்கித்தான் சொன்னேன். அவள் குறுக்கே ஒரு சொல்கூட எடுத்துக் கொடுக்கவில்லை.

அப்புறம் பேச்சுப் பயிற்சிக்குப் போனேன். பெரியவர்களில் சுமார் நூற்றுக்கு ஒருவருக்கு இது உண்டு, பெண்களைவிட ஆண்களுக்கே அதிகம், பயந்த சுபாவத்தால் வருவதில்லை என்றெல்லாம் அங்கேதான் தெரிந்தது. ஜோசப் ஷீஹன் என்ற அமெரிக்க உளவியலாளர், அவரும் திக்கியவர்தான், இதைப் பனிப்பாறைக்கு ஒப்பிட்டார். காதில் விழும் திக்கல் மேலே தெரியும் நுனி. வெட்கமும் பயமும் தண்ணீருக்கு அடியில். பயிற்சியில் கொடுத்த முதல் வேலை, வேண்டுமென்றே திக்கிப் பேசுவது. எனக்குக் கோபமே வந்தது. ஆனால் மறைக்க ஒன்றுமில்லை என்றதும் தொண்டை இறுக்கம் தளர்ந்ததை நானே உணர்ந்தேன்.

எல்லோரிடமும் சொல்லியாக வேண்டும் என்றில்லை. கேலி செய்யக் காத்திருப்பவரிடம் நான் இன்றும் சொல்வதில்லை. வேலைக்கான நேர்காணலில் முதலிலேயே சொல்லிவிடுவேன்.

முதல் தடவை கண்டக்டரிடம், "எனக்குத் திக்கும்ணே, கொஞ்சம் பொறுங்க" என்றேன். பா... பா... என்று நாலைந்து தடவை இழுத்தது. முன் சீட்டில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். பால்பண்ணை என்று முடித்தேன். அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.